ரிச்சி தெருவுக்குப் போன சித்தி

சென்னைக் கடைத் தெருக்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? புடவைக்குத் தியாகராய நகர், பூவுக்குக் கோயம்பேடு, வளையலுக்கும் மணிக்கும் பாரிமுனைச் சந்துகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் இருக்கிறது. ஆனால், காணாமற்போன குரலைத் தேடிக்கொண்டு யாராவது கடைத் தெருவுக்குப் போனதுண்டா? என் சித்தி போனாள். அவள் போன இடம் ரிச்சி தெரு. துணைக்குப் போனவர்கள் நானும் சித்தப்பாவும்.

முதலில் சித்தியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். திருவல்லிக்கேணியில் பழைய காலத்து வீடு. அதில் மாடியறை சித்தியுடையது. முப்பது வருஷமாகப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். 2020-இல் கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்குள் அடைத்ததே, அன்று முதல் பாதிச் சிஷ்யைகள் டெலிபோன் திரைக்குள் போய்விட்டார்கள். பாடத்தைப் பாடிப் பதிவு செய்து அனுப்புவாள். அவர்கள் கேட்டுக் கேட்டுப் பழகுவார்கள். இதற்காக ஒரு மைக்கும், அதைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் சின்னப் பெட்டி ஒன்றும் வாங்கி வைத்திருந்தாள். பாடியதைக் கேட்டுப் பார்க்க என்ன செய்வது? சித்தப்பா கிரிக்கெட் பார்ப்பதற்காக வாங்கிய ஸ்பீக்கர் செட்டு இருந்தது. தரையில் கரடி மாதிரி உட்கார்ந்துகொண்டு உறுமுமே, அந்தப் பெட்டியும் சேர்த்துத்தான்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஒரு நாள் மஸ்கட்டிலிருக்கும் சிஷ்யையின் தாயாரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "மாமி, உடம்பு சரியில்லையா? குரல் ரொம்ப மெலிஞ்சு கேட்கிறதே!"

அன்பாகத்தான் கேட்டிருந்தாள். ஆனால் சித்தி அன்று சாப்பிடவில்லை.

"வயசாயிடுத்துடி. குரல் போயிடுத்து. வர்ற விஜயதசமியோட நிறுத்திக்கறேன்" என்றாள் என்னிடம். முப்பது வருஷத்தை ஒரே வாக்கியத்தில் மூட்டை கட்டிவிட்டாள்!

நான் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். சித்தப்பாவின் ஸ்பீக்கரில் கேட்டால் குரல் கம்பீரமாக, தாட்டியாக ஒலித்தது. அதையே என் டெலிபோனில் கேட்டபோது குரல் நூல் மாதிரி இழைந்தது. ஒரே பாட்டுக்கு எப்படி இரண்டு குரல்? விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பதிவு செய்த பிறகு, "கீழே ரொம்ப கனமாக இருக்கிறது" என்று சித்தி ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரில் அடித்தொனியைக் குறைத்துவிட்டுத்தான் அனுப்புவாளாம்.

புடவைக் கடையில் குழல் விளக்கின் கீழ் அரக்காகத் தெரிகிற புடவை, வீட்டுக்கு வந்ததும் செங்கல் நிறமாக மாறிவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதனால்தானே விவரம் தெரிந்தவர்கள் புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் விரித்துப் பார்க்கிறோம்? காதுக்கும் அப்படி ஒரு வாசல் வெளிச்சம் உண்டு. அதற்கு ஸ்டூடியோ மானிட்டர் என்று பெயர். சாதாரண ஸ்பீக்கர் நம்மைச் சந்தோஷப்படுத்துவதற்காகச் செய்தது. கீழே கொஞ்சம் கனம் கூட்டும், மேலே கொஞ்சம் மினுக்குக் கூட்டும். மானிட்டர் ஸ்பீக்கர் உள்ளதைக் கூடியமட்டும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லச் செய்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் அதை வைத்துத்தான் குற்றம் குறைகளைக் கண்டுபிடிக்கிறார்கள்.

"அதை வாங்கிக் கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம், சித்தி" என்றேன். சித்தி பாட்டுச் சம்பளத்தில் 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தாள். எங்கே என்று கேட்காதீர்கள். அது சித்தப்பாவுக்கே தெரியாத டப்பா.

வாலாஜா சாலை வழியாக ஆட்டோவில் போய் அண்ணா சாலையில் இறங்கினோம். நம் தாத்தாக்களுக்கு அது மௌண்ட் ரோடு. 'அரசினர் தோட்டம்' மெட்ரோ நிலையத்திலிருந்தும் நடந்தே வரலாம். ரிச்சி தெரு என்று பேர்தான் ஒரு தெருவுக்கு. உண்மையில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அக்கம்பக்கத்துத் தெருக்களையும் சேர்த்து அது ஒரு சின்ன ராஜ்யம். மின்னணுச் சாமான்களுக்கு இந்தியாவிலேயே பேர் பெற்ற சந்தைகளில் ஒன்று. அலமாரி அகலமுள்ள கடைகள். தோரணம் கட்டியதுபோல் ரிமோட் கண்ட்ரோல்கள் தொங்குகின்றன. ஒயர்கள் வாழைநார்க் கட்டுகள் மாதிரி சுருட்டிக் கிடக்கின்றன. எங்கோ ஈயம் பற்ற வைக்கும் புகை. அதன் மேல் டீக்கடை வாசனை. தலையில் டெலிவிஷன் பெட்டியோடு ஒருவர், "வழி, வழி!" என்று வந்தால் நாம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நடங்கள். பருத்திப் புடவையும் தட்டையான செருப்பும் உசிதம். பத்தடிக்கு ஒருவர், "என்ன வேணும் மேடம்? லேப்டாப்பா? காமிராவா?" என்று கேட்பார். கோபித்துக்கொள்ள வேண்டாம். தெரு அப்படித்தான் பேசும்.

"மானிட்டர் வேண்டும்" என்றாள் சித்தி, கம்பீரமாக.

அந்தப் பையன் கணமும் தாமதிக்காமல் கம்ப்யூட்டர் திரைகள் நாலைந்தை எடுத்து வைத்துவிட்டான்! ஆகவே நேயர்களே, அங்கே போனால், "ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கர்" என்று முழுப் பெயரையும் சொல்லுங்கள்.

சரியான கடை ஒன்று அகப்பட்டது. அங்கே ஒரு வேடிக்கை. பாடுகிறவள் சித்தி, பணம் சித்தியுடையது, கேள்வி கேட்பவளும் சித்தி. ஆனால் விற்பனைக்கார வாலிபர் பதிலையெல்லாம் சித்தப்பாவைப் பார்த்தே சொன்னார். சித்தப்பாவும் எல்லாம் தெரிந்தவர்போல் தலையை ஆட்டினார்.

"எட்டு இஞ்சு எடுத்துக்குங்க, சார். அதிரும்!"

அப்புறம் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். அதிரத்தான் செய்தது. மேஜைமேல் இருந்த காகிதமெல்லாம் நடனமாடிற்று. ஐந்து அங்குல ஜோடியில் அதே பாட்டைப் போட்டுவிட்டு, மறுபடி எட்டுக்குத் திரும்பினார். "பார்த்தீங்களா வித்தியாசம்?" என்றார். சித்தப்பா மயங்கியே விட்டார்.

சித்தி மட்டும் மயங்கவில்லை. முப்பது வருஷம் சுருதி பார்த்த காதல்லவா? "தம்பி, இதை மாற்றும்போது சத்தத்தையும் கொஞ்சம் ஏற்றினாயே? இரண்டையும் சமமாக வை, பார்ப்போம்" என்றாள். வாலிபர் முகம் சிவந்துபோயிற்று.

இது ஒரு பழைய வித்தை. சத்தம் சற்றுக் கூடினாலே நம் காதுக்கு அது சிறந்ததாகத் தோன்றும். சத்தம் குறைந்தால் தாழ்ந்த ஸ்வரங்கள்தான் முதலில் மங்கும்; கூடினால் அவை எழுந்து வரும். பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1933-இலேயே இதை அளந்து எழுதி வைத்துவிட்டார்கள். ஆகவே எந்த இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிட்டாலும் சத்தம் ஒரே அளவாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னொன்று: கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காதீர்கள். அது எதிலும் நன்றாக இருக்கும் என்பதால்தான் அவர் அதைப் போடுகிறார். உங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்த ஒரு பதிவைக் கொண்டுபோங்கள். சித்தி மூன்று கொண்டுவந்திருந்தாள். ஒன்று வெறும் தம்பூரா; ஒன்று வீட்டில் பதிவு செய்த அவளுடைய சொந்தக் குரல், தொனி எதுவும் குறைக்காமல்; ஒன்று மிருதங்கத்தோடு ஒரு கச்சேரி.

அதைப் போட அந்தக் கடையில் நேரமில்லை என்றார்கள். வெளியே வந்துவிட்டோம்.

நாலு கடை தள்ளி இன்னொரு கடை. கல்லாவில் ஒரு பெரியவர். ஸ்பீக்கர் என்றதும் அவர் எந்தப் பெட்டியையும் எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அறை எத்தனை அடிம்மா?" என்று சித்தியைக் கேட்டார்.

சித்தியைக் கேட்டார், கவனியுங்கள்! அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"பத்துக்குப் பத்து."

"உயரம்?"

"அதுவும் பத்து இருக்கும். பழைய வீடு."

"அடடா!" என்றார் பெரியவர், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதுபோல்.

அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டில் உங்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு அறைக்கும் தனக்குப் பிடித்த ஸ்வரங்கள் சில உண்டு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே எந்த ஒலி அலையில் சரிபாதி கச்சிதமாகப் பொருந்துகிறதோ, அந்த ஒலியை அறை தூக்கிக் கொடுக்கும். பத்தடி அறைக்கு அது விநாடிக்குச் சுமார் 57 அதிர்வு; அதன் இரட்டிப்பு சுமார் 115. நீளம், அகலம், உயரம் வேறு வேறாக இருந்தால் இந்தப் பிரியங்கள் பல ஸ்வரங்களுக்குப் பங்காகிவிடும். மூன்றும் ஒன்றாக இருந்தால்? மூன்று திசையிலும் அதே ஸ்வரத்துக்கு மரியாதை. போதாக்குறைக்கு இந்தக் கனம் சுவர் ஓரத்திலும் மூலையிலும்தான் குவிகிறது. சித்தப்பாவின் கரடிப் பெட்டி இருந்தது மூலையில். சித்தி உட்கார்ந்து கேட்டது பின்சுவரை ஒட்டிய கட்டிலில்.

புரிந்துவிட்டதல்லவா? கட்டிலில் இருந்தவளுக்குப் பாட்டு அடிக்கனமாகக் கேட்டிருக்கிறது. அதை வெட்டி வெட்டி அனுப்பினாள். மஸ்கட்டில் அந்த அறையும் இல்லை, அந்தக் கரடியும் இல்லை. வெட்டிய மிச்சம் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது.

சித்தி ஒன்றும் பேசவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள். தெருப் புகையினால் என்று வைத்துக்கொள்ளலாம்.

"எட்டு அங்குலம் உங்க அறைக்கு வேண்டாம்மா. ஐந்தே ஜாஸ்தி" என்றார் பெரியவர். அதில் கணக்கு இருக்கிறது. சித்தியின் சுருதி ஐந்தரைக் கட்டை. ஆதார ஷட்ஜம் விநாடிக்குச் சுமார் 208 அதிர்வு; தம்பூராவின் மந்தரத் தந்தி சுமார் 104. மிருதங்கத்தின் தொப்பி இன்னும் சற்றுக் கீழே இறங்கலாம். ஐந்து அங்குல மானிட்டர்கள் பொதுவாக 50, 60 அதிர்வு வரைக்கும் இறங்கும். அப்புறம் எட்டு அங்குலத்தை வாங்கி அறையை எழுப்பி விடுவானேன்?

பெட்டிக்குப் பின்னால் காற்றுத் துவாரம் இருந்தால் அதைச் சுவரில் முட்டவிடக் கூடாதாம். சிறிய அறைக்குத் துவாரம் முன்னால் இருந்தால் கொஞ்சம் சௌகரியம். பின்புறம் சின்ன விசை ஒன்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சுவருக்குப் பக்கத்தில் வைக்க நேர்ந்தால் அடித்தொனியை இரண்டு, நாலு டெசிபெல் தணிப்பதற்கு அது உதவும்.

சின்னப் பெட்டி என்று குறைவாக நினைத்துவிடாதீர்கள். லண்டன் பிபிசிக்காரர்கள் 1970-களில் வெளியூர் ஒலிபரப்பு வண்டிகளுக்காக ஒரு மானிட்டரைச் செய்தார்கள். எல்எஸ்3/5ஏ என்று பெயர். உயரம் ஓரடி, உள்ளே ஐந்து அங்குலக் கூம்பு. வண்டிக்குள் இடமில்லை, பேச்சுக் குரல் இயற்கையாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தேவை. இன்றைக்கும் அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். யமஹா கம்பெனியின் என்எஸ்-10 கதை இன்னும் சுவாரசியம். 1978-இல் வீட்டு உபயோகத்துக்கென்று வந்தது. வீடுகளில் அவ்வளவாக எடுபடவில்லை. பாட்டில் உள்ள குறையை மூடி மறைக்காமல் போட்டுக் கொடுத்துவிடுகிறதே, யார் விரும்புவார்கள்? ஆனால் அதே குணத்துக்காக ஒலிப்பதிவுக்காரர்கள் அதைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். மேல் ஸ்தாயி கூச்சலாக இருக்கிறது என்று அதன் வாயில் மெல்லிய காகிதத்தை ஒட்டிக்கொண்டுகூட வேலை செய்தார்களாம்! 2001-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். அந்த வெள்ளைக் கூம்பு மட்டும் புதிய ஜோடிகளில் இன்னமும் வருகிறது.

பெரியவர் மூன்று பதிவுகளையும் பொறுமையாகப் போட்டார். ஆனால் விற்க மறுத்துவிட்டார்! "வீட்டுக்குப் போய் எங்கே வைக்கப் போறீங்கன்னு அளந்து எழுதிட்டு வாங்கம்மா. ஸ்பீக்கர் எங்கேயும் ஓடிடாது." ரிச்சி தெருவில் வெறுங்கையோடு அனுப்பி வைத்த கடைக்காரர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மூன்றாம் நாள் அளவுச் சீட்டோடு போய், வெள்ளைக் கூம்பு போட்ட ஐந்து அங்குல ஜோடி ஒன்றை வாங்கினோம். ஆம்ப்ளிபையர் உள்ளேயே இருக்கிறது. தனியாக வாங்க வேண்டியதில்லை. சின்னப் பெட்டியிலிருந்து இரைச்சலை அண்டவிடாத ஒயர் இரண்டும் வாங்கியது போக, டப்பாவில் கொஞ்சம் மீதிகூட இருந்தது.

வீட்டில் விசையைப் போட்டதும் ஸ்பீக்கர் இரண்டும், "உம்ம்ம்" என்றன. பாட்டே போடவில்லை! பெரியவருக்கு டெலிபோன் செய்தேன். "சுவரிலே மூணாவது துவாரத்துக்கு எர்த் ஒயர் இருக்கா பாருங்க" என்றார். எலெக்ட்ரீஷியன் வந்து பிரித்துப் பார்த்தால், துவாரம் இருக்கிறது, ஒயர் இல்லை. பழைய வீடுகளில் இது சகஜம். சிலர் இந்த உறுமலை நிறுத்த பிளக்கின் மூன்றாவது காலையே ஒடித்துவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து. எர்த் ஒயரைச் சரியாக இழுத்ததும் சத்தம் நின்றது. அதற்குள் சித்தப்பா ஒரு ஆராய்ச்சி செய்துவிட்டார். நம் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை துடிக்கிறது. ஐந்து கட்டை ஷட்ஜத்தை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினால் 49. "மின்சார வாரியம் ஐந்து கட்டைக்குச் சுருதி சேர்க்கிறது!" என்றார். "எனக்கு ஐந்தரை. அபஸ்வரம்" என்றாள் சித்தி.

அப்புறம் அறை. சித்தி தையல் டேப்பை எடுத்துக்கொண்டாள். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து விலக்கி, ஒரு சுவரின் நடுப்பகுதியில், இடமும் வலமும் சமமாக வைத்தோம். இரண்டுக்கும் இடையே மூன்றடி, இரண்டிலிருந்தும் சித்தியின் தலைக்கு மூன்றடி, சமபக்க முக்கோணம். மேலே உள்ள சின்னக் கூம்பு காது மட்டத்தில். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து முன்னால் கொண்டுவந்தோம். அறையின் நட்டநடுவிலும் கூடாது. அங்கே அந்த 57 அடியோடு செத்துப்போய்விடும். முன்சுவரிலிருந்து நாலடிக்குச் சற்றுக் குறைவாக ஒரு இடம் சரிப்பட்டது. பரணில் இருந்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கி, வெயிலில் காயப்போட்டு, பின் மூலைகளில் நிறுத்தினோம். திரைச்சீலை தொங்கவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது மேல் ஒலியைத்தான் குடிக்கும். அடித்தொனிக்குக் கனமான பஞ்சு வேண்டும். மெத்தை மட்டும் முழு வேலையையும் செய்துவிடாது. என்றாலும் கைதட்டிப் பார்த்தபோது அறை முன்னைப்போல் திருப்பி அடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, சித்தி பழைய பதிவைப் போட்டாள். தொனி வெட்டாத மூலத்தை. பேச்சுக் குரல் அளவுக்குத்தான் சத்தம். கண்ணை மூடிக்கொண்டாள்.

குரல் மெலியவில்லை, நேயர்களே! அடி வயிற்றிலிருந்து வருகிற அந்தப் பழைய குரல் அப்படியே இருந்தது. நடுவில் தெருவில் போன தயிர்க்காரியின் கூவல்கூடக் கேட்டது. சித்தப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஆனால் சித்தி சிரிக்கவில்லை. ஓரிடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்டாள். தார ஸ்தாயி காந்தாரம். இன்னொரு தரம் கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

"எட்டலைடி. ஒரு மயிரிழை கீழே நிக்கறது. இழுத்துப் பிடிக்கறேன் பார். இத்தனை நாளா அந்த உறுமல்லே இது காதிலேயே விழலை."

எனக்குப் பகீரென்றது. சந்தோஷப்படுத்தலாம் என்றல்லவா வாங்கினோம்? உள்ளதைச் சொல் என்று வாங்கி வைத்தால், பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்துமா? சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

சித்தி கையமர்த்தினாள். எழுந்துபோய் உறையைக் கழற்றித் தம்பூராவை எடுத்து வந்தாள். சுருதிப் பெட்டி வந்த பிறகு அதிகம் தொடாத தம்பூரா. மடியில் சாய்த்துக்கொண்டு பிரடையை மெள்ளத் திருப்பினாள். தந்தி இறங்கிற்று. ஐந்தரையிலிருந்து ஐந்துக்கு. மந்தரம் 104-லிருந்து 98-க்கு வந்தாயிற்று. அறைக்குப் பிடித்த 115-ஐ விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி. அதையும் அவள் கவனித்திருப்பாள் என்று நினைக்கிறேன். சங்குமணியை நகர்த்தி, மீட்டி, மேல் காந்தாரத்தைப் பிடித்தாள். நின்றது.

"மஸ்கட் குழந்தைக்கு நாளைக்கு இதிலே பாடி அனுப்பறேன்" என்றாள்.

கதவருகே நின்ற சித்தப்பா கனைத்துக்கொண்டார். "ஐந்து கட்டையா? அப்போ மின்சார வாரியத்தோடு சேர்ந்தாச்சுன்னு சொல்லு!"